ஐந்து நிமிஷம் வாய் திறக்கக் கூடாது

காய்கறிக் கடைக்காரர் தராசைப் பார்த்து "அரைக் கிலோ" என்றால், பிரஷர் அக்கா "நானூத்தி எண்பது" என்பாள். வயசு என்ன என்று யாராவது கேட்டால், "ஐம்பத்தொண்ணு, நாலு மாசம்." கல்யாணமாகி எத்தனை வருஷம் என்று கேட்டால் அவள் வீட்டுக்காரர் மெதுவாக எழுந்து சமையலறைப் பக்கம் போய்விடுவார். பதில் நாள் கணக்கில் வரும், அதில் அவர் குறட்டை விடாத நாட்கள் எத்தனை என்பதும் தனியாக வரும். ஏன் இப்படி என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. பொய்யே வராத புனித ஆத்மா என்று நினைத்துவிட வேண்டாம். தலைவலி என்று சொல்லி எத்தனையோ கல்யாணங்களுக்குப் போகாமல் இருந்தவள்தான். எண்ணில் மட்டும் அவளுக்குப் பொய் வராது.

இந்த வியாதியை வைத்துக்கொண்டு அவள் வேலை பார்த்த இடம் ஒரு பல்கலைக்கழகத்தின் சுகாதார ஆராய்ச்சித் துறை. மூன்றாவது மாடி. லிஃப்ட் இரண்டாவதோடு நின்றுவிடும். அக்காவின் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக், ஆனால் அந்த லிஃப்ட் வேறு கம்பெனியின் பொறுப்பு என்பதால் அதைத் தொட்டதில்லை. பார்க்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொள்வதோடு சரி.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், ரத்த அழுத்தக் கணக்கெடுப்பு தொடங்கின புதிதில், பிரசவ லீவில் போன ஒரு பெண்ணுக்குப் பதிலாக மூன்றே மூன்று மாசம் என்று சேர்ந்தாள். அந்தப் பெண் திரும்பி வரவேயில்லை. அவள் குழந்தை இப்போது காலேஜில் படிக்கிறதாம். அக்கா மட்டும் இன்னும் தற்காலிகம். பதினோரு மாச ஒப்பந்தம், ஒரு நாள் இடைவெளி, மறுபடி பதினோரு மாசம். அந்த ஒரு நாள் அவள் துறைக்கு யாருமே இல்லை. ஆனால் அன்றைக்கும் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

"இன்னிக்கு நீ போனா உள்ள விடக்கூட மாட்டாங்களே" என்பார் வீட்டுக்காரர்.

"நான் எங்க ஆபீசுக்குப் போறேன்? நாலாவது தெரு அம்மாவுக்கு இன்னிக்கு வர்றேன்னு சொல்லியிருக்கேன்."

வேலை இதுதான். ஊரை ஆறு பகுதியாகப் பிரித்து, ஆளுக்கு ஒரு பகுதி என்று ஆறு களப்பணியாளர்கள். பட்டியலில் உள்ள வீட்டுக்குப் போக வேண்டும், கேள்விகள் கேட்க வேண்டும், ரத்த அழுத்தம் எடுத்துப் படிவத்தில் எழுத வேண்டும். ஆறாம் பகுதி அக்காவுடையது. எப்படி அளப்பது என்பதற்கு ஒரு விதித்தாள் துறைச் சுவரில் ஒட்டியிருக்கும். ஆள் நாற்காலியில் உட்கார வேண்டும், முதுகு சாய்ந்திருக்க வேண்டும், கால் தரையில் பட வேண்டும், ஐந்து நிமிஷம் வாய் திறக்கக் கூடாது, அப்புறம் மூன்று முறை அளக்க வேண்டும். அந்தத் தாளைக் கடைசி வரி வரைக்கும் படித்த ஒரே ஜீவன் அக்காதான். பல வீடுகளில் அந்த ஐந்து நிமிஷம்தான் அந்த வாரத்திலேயே அமைதியான நேரம். "தினமும் வருவீங்களா, இவர் வாயை மூடறதுக்கு?" என்று ஒரு வீட்டம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டதே உண்டு.

மற்ற ஐந்து பேரும் நல்லவர்கள். அதிலும் மூத்தவர், முட்டி அண்ணன், தங்கமான மனுஷர். முப்பது வருஷம் மாடி ஏறி இரண்டு முட்டியும் போய்விட்டது. அதனால் இப்போது கேண்டீனில் ஃபேனுக்குக் கீழே உள்ள மேஜைதான் அவருடைய பகுதி. மற்ற நாலு பேரும் அங்கேயே வந்துவிடுவார்கள். டீ ஆறுவதற்குள் ஒரு தெருவே முடிந்துவிடும்.

"அந்த மூணாம் நம்பர் வீட்டுக்காரன் எப்படி?"

"நல்லா எரிஞ்சு விழுவான்."

"அப்ப நூத்தி அறுபது, நூறு."

கருவியில் இரண்டுக்கு ஒரு சின்னக் கோடு உண்டு. நூற்று முப்பத்திரண்டு, முப்பத்தி நாலு என்று முள் எங்கே வேண்டுமானாலும் நிற்கும். "குட்டிக் கோட்டை எவன் கண்டான், எண் போட்ட கோடு போதும்" என்பது அண்ணனின் கொள்கை. அதனால் அவர்கள் எழுதுவதெல்லாம் பூஜ்யத்தில்தான் முடியும். கொஞ்சம் தூக்கலாகவும் இருக்கும், ஏனென்றால் முதல் வருஷம் "இந்த ஊரில் ரத்த அழுத்தம் பயங்கரம்" என்று துறை ஒரு கட்டுரை போட்டுவிட்டது. அப்புறம் வருஷா வருஷம் அந்தக் கட்டுரைக்கு ஊர் ஒத்துப்போக வேண்டியதாயிற்று. இதெல்லாம் அக்காவுக்குத் தெரியும். நேருக்கு நேர் திட்டுவாள். ஆனால் வெளியே யாரிடமும் மூச்சு விட்டதில்லை. அவள் கணுக்கால் பிசகின வருஷம் மூன்று மாசம் அவள் பையைத் தூக்கிக்கொண்டு அந்த முட்டியோடு கூடவே நடந்தவர் அண்ணன்.

துறைத் தலைவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெட்டவர் இல்லை, ஆனால் பேச்சுக்காரர். ஒரு ஆளிடம் பேசிக்கொண்டே இன்னொரு ஆளுக்குப் போன் போட்டு, இரண்டு பேரையும் விட்டுவிட்டு மூன்றாவது ஆளிடம் பேசுவார். வாசலில் கண்ணாடிப் பலகை வைத்து, இந்தக் கணக்கெடுப்பிலிருந்து துறை வெளியிட்ட கட்டுரைகளின் எண்ணிக்கையைப் பெரிதாக மாட்டியிருந்தார். நாற்பத்தொன்று. யாராவது விருந்தாளி வந்தால் இன்னொரு வேடிக்கையும் உண்டு. சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, "எடுங்கப்பா, எடுங்க" என்று பேசிக்கொண்டே கையை நீட்டுவார். ஐந்து பேரில் ஒருவர் பட்டையைச் சுற்றி, நாலு தடவை பம்பு அடித்து, "நூத்தி இருபது, எண்பது சார்!" என்பார். "பார்த்தீங்களா, இந்த வயசுல!" என்று தலைவர் மார்தட்டுவார். அக்காவைக் கூப்பிடுவதில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருமுறை கூப்பிட்டதற்கு, அவள் வாட்சைப் பார்த்து, "அஞ்சு நிமிஷம் பேசாம இருங்க சார்" என்றுவிட்டாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த துறைக்கு நிர்வாகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஆட்கள் எத்தனை, வெளியீடு எத்தனை, தலைக்கு எவ்வளவு என்று பார்த்ததில் ஆட்கள் ஜாஸ்தி. ஆறு களப்பணியாளர் ஐந்தாக வேண்டும். யார் எடுத்த அளவு எத்தனை கட்டுரையில் பயன்பட்டிருக்கிறது என்று பட்டியல் போட்டு அனுப்பவும்.

பட்டியல் போட்டது கணக்கு மேடம். துறைக்கு வந்து எட்டே மாசம் ஆன புள்ளிவிவரக்காரி. முப்பது வயசிருக்கும், கூர்மையான பெண். அக்காவைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"அக்கா, உட்காருங்க. தண்ணி குடிக்கறீங்களா?"

"தண்ணி குடுக்கறேன்னாலே ஏதோ வில்லங்கம். சொல்லும்மா."

கம்ப்யூட்டரில் ஐந்து பேருக்கும் நேராக 41, 41, 39, 41, 40 என்று இருந்தது. ஆறாம் பகுதிக்கு நேராக ஒரு பூஜ்யம்.

அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். பூஜ்யம் போகவில்லை.

"ஒவ்வொரு கட்டுரைக்கும் அடியில பொடி எழுத்துல ஒரு வரி இருக்கு" என்று மேடம் படித்தாள். "ஆறாம் பகுதியின் அளவுகள் மற்ற ஐந்து பகுதிகளோடு ஒத்துப்போகாததால் சேர்க்கப்படவில்லை."

"முதல் வருஷத்துலேருந்தா?"

"முதல் வருஷத்துலேருந்து."

பதினாலாயிரத்து முந்நூற்று ஆறு பேர். அக்காவுக்கு அந்த எண் எப்போதும் தெரியும். பதினாலாயிரத்து முந்நூற்று ஆறு பேரை ஐந்தைந்து நிமிஷம் வாயை மூடி உட்காரவைத்து, நாய்க்குப் பயந்து, மழையில் நனைந்து எழுதியது. ஒரு எண் கூட எந்தக் காகிதத்திலும் ஏறவில்லை. குப்பையில் போட்டிருந்தால் கூடத் தேவலை. பெட்டியில் போட்டுப் பத்திரமாக வைத்து, அடுத்த வருஷம் மறுபடி அவளை அனுப்பியிருக்கிறார்கள். அக்கா கேட்காமலே மேஜையிலிருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தாள்.

"அக்கா, மத்த அஞ்சு பேரோட எண்ணுல எல்லாமே பூஜ்யத்துல முடியுது. எனக்குச் சந்தேகமா இருக்கு. நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா..."

"எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று அக்கா எழுந்துவிட்டாள். எண்ணில் வராத பொய் இதில் சுலபமாக வந்தது.

மேடம் விடவில்லை. ஒரு எண்ணை மட்டும் பார்த்து ஆளை அனுப்ப முடியாது, ஆறு பேரையும் ஒரே ஆட்களை அளக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்று எழுதி அனுப்பினாள். நிர்வாகம் ஒத்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை, அளந்து பார்க்க வளாகத்திலிருந்தே பத்துப் பேர். ஆறு பேரும் அவரவர் தனியாக அளந்து சீட்டில் எழுதி உறையில் போட வேண்டும். யாருடைய சீட்டு மற்றவர்களுடையதிலிருந்து ரொம்ப விலகியிருக்கிறதோ அவர் வீட்டுக்குப் போகலாம்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது அவள் கணவர் ஸ்க்ரூடிரைவரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இங்க பாரு, ஒரே ஒரு நாள். அவங்க எழுதற மாதிரியே ரவுண்டா எழுதிட்டு வந்துடு. என்ன குறைஞ்சிடும்?"

"ஏங்க, லிஃப்ட் கயிறு எவ்வளவு தேய்ஞ்சிருக்குன்னு பார்த்து எழுதறீங்களே, அதை ரவுண்டா எழுதுவீங்களா?"

"அது அறுந்தா ஆள் செத்துடுவான்டி."

அவள் அவர் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரையே பார்த்தாள். அவர் ஸ்க்ரூடிரைவரை டப்பாவில் போட்டு மூடினார். "சரி, சரி. வேலை போனா போகட்டும்" என்றார். குரலில் அவ்வளவு தைரியம் இல்லை.

வெள்ளிக்கிழமை. கூட்ட அறையில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். நிர்வாகத்திலிருந்து ஒரு அதிகாரி அம்மா வந்து ஃபைலும் கையுமாக உட்கார்ந்திருந்தார். ஒன்பது பேர் வந்தாயிற்று. பத்தாவது ஆள், தோட்டக்காரர், ஊசி போடுவார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஓடியே போய்விட்டார். "அதனால என்ன, நான் இருக்கேனே!" என்று தலைவர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

ஐந்து பேரும் முக்கால் மணியில் முடித்துவிட்டார்கள். வராந்தாவில் விரலால் ஜாடை காட்டி எண்ணைப் பரிமாறிக்கொண்டதை அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். தலைவருக்கு விரலே தேவைப்படவில்லை. அவருக்கு என்ன எழுத வேண்டும் என்று வாட்ச்மேனுக்குக் கூடத் தெரியும்.

அக்கா முதல் ஒன்பது பேரை முடித்துவிட்டு அவரிடம் வந்தபோது ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. எல்லோருக்கும் பசி.

"சார், முதுகு சாயுங்க. அஞ்சு நிமிஷம் பேசக் கூடாது."

"தாராளமா! நான் பேசவே மாட்டேன். பேசாம இருக்கறதுன்னா என்னன்னு ஒரு கட்டுரையே..."

"மறுபடி முதல்லேருந்து சார்" என்று அக்கா வாட்சைத் திருப்பினாள்.

இரண்டாம் நிமிஷத்தில் "சாப்பாடு சொல்லியாச்சா?" என்றார். மறுபடி முதலிலிருந்து. நாலாம் நிமிஷத்தில் போனை எடுத்தார். அக்கா போனை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள். அதிகாரி அம்மா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார். கடைசியில் அந்த மூன்றாம் மாடியின் சரித்திரத்திலேயே முதல் முறையாக ஐந்து முழு நிமிஷம் தலைவர் குரல் கேட்கவில்லை.

அக்கா பட்டையைச் சுற்றி, ஸ்டெத்தைக் காதில் மாட்டிப் பம்பு அடித்தாள். சத்தம் எங்கே ஆரம்பிக்க வேண்டுமோ அதற்கு வெகு மேலேயே டொக் டொக் என்று ஆரம்பித்துவிட்டது. மறுபடி அடித்தாள். இன்னொரு கையிலும் எடுத்தாள். நூற்று இருபது, எண்பது என்று எழுதினால் தலைவர் விஷயத்திலாவது ஐந்து பேரோடு ஒட்டிக்கொள்ளலாம், வேலை தப்பலாம். முள் நின்ற இடம் அவளுக்குத் தெரியும். உறையைத் தேடாமல் சத்தமாகவே சொன்னாள்.

"நூத்தி எண்பத்தெட்டு, நூத்தி பதினாறு. சார், எழுந்திரிங்க, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"என்னது? போன வாரம் கூட நூத்தி இருபது!"

அதிகாரி அம்மா மற்ற உறைகளைப் பிரித்தார். நூற்று இருபது, எண்பது. ஐந்தும் அதே. "அஞ்சு பேரும் ஒரே மாதிரி எழுதியிருக்காங்க. நீங்க மட்டும் ஏம்மா இப்படி?"

"அதான் மேடம், பத்தொன்பது வருஷமா இதே ரோதனை!" என்றார் தலைவர். முகம் சிவந்திருந்தது. "எல்லாருக்கும் ஒரு வழின்னா இதுக்கு ஒரு வழி!"

அக்காவுக்கு ஏறிவிட்டது. "சார், அவங்க எழுதினது உங்க மேல இருக்கற மரியாதை. அது முள்ளுக்குத் தெரியாது. என்னை வேலையை விட்டு அனுப்புங்க, பரவாயில்ல. முதல்ல நீங்க ஆஸ்பத்திரிக்குப் போங்க!"

கணக்கு மேடம் ஓடிப்போய் அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வந்தாள். பட்டனை அமுக்கினால் தானே அளந்து எண்ணைக் காட்டும் மெஷின். நாலு வருஷத்துக்கு முன்னால் வாங்கியது, மேல் பிளாஸ்டிக் கூடப் பிரிக்கவில்லை. தானே எண் காட்டும் மெஷினால் கேண்டீனில் யாருக்கு என்ன பிரயோஜனம்? மாட்டினார்கள். 191, 117 என்று காட்டியது.

முட்டி அண்ணன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"சார், நான் இதுவரைக்கும் ஒரு நாளும் ஸ்டெத்தைக் காதுல சரியா மாட்டினதில்ல. நீங்க பேசிக்கிட்டே இருப்பீங்க, என்ன கேக்கும்? அந்தப் பொண்ணு எழுதினதுதான் நிஜம். இங்க மட்டுமில்ல, தெருவுலயும் அவ எழுதினதுதான் நிஜம்." அண்ணன் குரல் உடைந்துவிட்டது. "எனக்கு முட்டியும் போச்சு. வீட்டுக்குப் போற அந்த ஒரு ஆள் நானா இருந்துட்டுப் போறேன்."

தலைவரை ஆஸ்பத்திரியில் நாலு நாள் வைத்திருந்தார்கள். "இவ்வளவு வருஷமா யாருமே பிரஷர் பார்க்கலையா?" என்று டாக்டர் கேட்டாராம். "ஒரு துறையே பார்த்துச்சு" என்று அவர் சொன்னாராம். இதை அவர் மனைவியே போனில் அக்காவுக்குச் சொல்லிவிட்டு, சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியாத மாதிரி ஒரு சத்தம் போட்டார்.

பத்தாம் நாள் தலைவர் திரும்பி வந்து அக்காவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். இளைத்திருந்தார். மேஜையில் புது ஒப்பந்தம் இருந்தது. அதே பதினோரு மாசம். பக்கத்தில் ஒரு பேனா.

"கையெழுத்துப் போடுங்கம்மா. உங்க வேலைக்கு ஒண்ணும் இல்ல. அண்ணன் போறார், கணக்கு சரியாயிடுச்சு." 'நீ' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் 'நீங்க' என்றதை அக்கா கவனித்தாள். "ஆனா ஒண்ணு. பழசை யாரும் கிளற வேணாம். இனிமே ஒழுங்கா எடுப்போம். அந்த அதிகாரி அம்மாகிட்டயும் நான் பேசிக்கறேன்."

அக்கா பேனாவை எடுத்தாள். வேலை மிஞ்சிவிட்டது. வீட்டில் ஒருத்தர் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருப்பார். பேனாவைத் திரும்ப மேஜை மேல் வைத்தாள்.

"அந்தப் பொடி எழுத்து வரியை எடுத்துடுங்க சார்."

"எந்த வரி?"

"ஆறாம் பகுதி ஒத்துப்போகலங்கற வரி."

"அம்மா, புரிஞ்சுக்கோங்க. ஆறாம் பகுதியை உள்ள விட்டா மத்த அஞ்சையும் வெளிய எடுக்கணும். நாப்பத்தொரு கட்டுரையையும் நானே வாபஸ் வாங்கணும். இந்த வருஷ வெளியீடு மைனஸ் நாப்பத்தொண்ணு! உலகத்துல எந்தத் துறையும் மைனஸ்ல காட்டினதில்லை. அந்தப் படிவத்துல மைனஸ் போட இடமே கிடையாது!"

"அது உங்க பாடு சார். அந்த எண்ணை நம்பி மாத்திரை முழுங்கறவங்க இருக்காங்க. நீங்க நம்பி முழுங்காம இருந்தீங்க. பதினாலாயிரத்து முந்நூத்தி ஆறு பேரை நான் பார்த்திருக்கேன். என் படிவமெல்லாம் இருக்கற அந்தப் பெட்டியை இறக்குங்க. இல்லைன்னா எனக்கு இந்தக் காகிதம் வேணாம்." சொல்லும்போதே கண்ணில் நீர் வந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை.

தலைவர் வாயைத் திறந்தார், மூடினார். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வாசல் பலகை அங்கிருந்து தெரியும், எண் பின்பக்கமிருந்து திருப்பிப்போட்ட மாதிரி தெரியும். போன் அடித்தது. எடுக்கவில்லை.

அக்கா பழக்க தோஷத்தில் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதுகு சாய்ந்திருக்கிறது, கால் தரையில் இருக்கிறது. ஐந்து நிமிஷம் ஆனதும் பையிலிருந்து பட்டையை எடுத்தாள். அவர் ஒன்றும் கேட்காமல் கையை நீட்டினார். மூன்று முறை எடுத்தாள்.

"நூத்தி நாப்பத்தாறு, தொண்ணூத்திரண்டு."

"நூத்தி நாப்பதுன்னு வச்சுக்கலாமா?" என்றார் மெதுவாக.

அக்கா பட்டையைச் சுருட்டிப் பையில் வைத்தாள். அவரே தன் மருந்துச்சீட்டை எடுத்து, பேனாவால் 146 என்று எழுதினார், பக்கத்தில் 92. அப்புறம் டிராயரைத் திறந்து துறையின் பெயர் அச்சடித்த வெள்ளைத்தாள் கட்டை வெளியே எடுத்து, கட்டுரை போட்ட பத்திரிகை ஆசிரியர் ஒருவருக்கு, அதை வாபஸ் வாங்குவதாக முதல் கடிதத்தை ஆரம்பித்தார். நாற்பத்தொன்று எழுத வேண்டும். ஒப்பந்தம் பக்கத்திலேயே கிடந்தது. கையெழுத்துப் போட அக்காவுக்கும் பேனா வேண்டும், அந்த மேஜையில் இருந்ததோ ஒரே ஒரு பேனா. அவர் எழுதட்டும் என்று அவள் பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.